ஊதா

ப்ராத்தோ நகரப் பொது மருத்துவமனை.
இரவு இரண்டே கால்.
குப்பியில் கொஞ்சம் சீழ்,
சீட்டில் ஒரு பெயர்: வாஸ்கோ பெனெல்லி.
தொழில்: சாயப்பட்டறை.

மூன்றாம் மாடியில்
அவர் விரலில் மாட்டிய கருவி
எண் காட்ட மறுக்கிறதாம்.
நகமெல்லாம் நீலம்.
மூச்சு முட்டிய நீலமா,
முப்பது வருட வேலையின் நீலமா,
டாக்டருக்கே பிடிபடவில்லை.
கடைசியில் காது மடலில் மாட்டினார்கள்.
காது மட்டும்
காதின் நிறத்தில் இருந்தது.

கீழே ஆய்வகத்தில் ஓரியெல்லா
கண்ணாடித் துண்டில் சீழைத் தடவுகிறாள்,
தீயில் வாட்டுகிறாள்.
பள்ளியில் லத்தீனில் தோற்றவள்.
ஒரே ஒரு சொல் மட்டும்
உதறியும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது:
இன்ஃபிச்செரே.
உள்ளே முக்கு; நிறம் ஏற்று.
அந்நாளைய ரோமில்
இன்ஃபெக்தோர் என்றால்
நோய் பரப்புகிறவன் இல்லை,
முழங்கைவரை கறையோடு
வீடு திரும்பும் சாயக்காரன்.

எப்போது அந்தச் சொல்
தொட்டியை விட்டு எழுந்து
சொட்டச் சொட்ட நடந்து
நோயாளியின் கட்டிலுக்கு வந்தது?
வெள்ளைக் கம்பளி
தண்ணீருக்கடியில் மெல்ல வேறொன்றாவதைப்
பார்த்துப் பழகிய எவனோ
ஒரு காய்ச்சல்காரனின் முகத்தையும்
அதே கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.
(தோய், நோய்.
நமக்கும் ஓரெழுத்துத் தூரம்தான்.)

ஊதாச் சாயம் ஒரு நிமிடம்.
அயோடின் ஒரு நிமிடம்.
பிறகு ஆல்கஹால்.
இங்கேதான் கை நிதானிக்க வேண்டும்:
ஒரு சொட்டு கூடினால்
குற்றவாளியும் வெளுத்துவிடுவான்.
கடைசியாய்ச் சிவப்பு,
வெளுத்துப்போனவர்களுக்கு.

வேடிக்கை,
சாயம் என்று பெயர் வாங்கியதைப் பிடிக்க
சாயமே வேண்டியிருக்கிறது.

லென்ஸுக்கடியில் திராட்சைக் கொத்துகள்.
ஊதா. நல்ல ஊதா.
கையுறையில் எங்கோ ஓட்டை,
அவள் சுண்டுவிரலிலும் அதே ஊதா.

ஃபோனில் சொல்கிறாள்.
நர்ஸ் மருந்தின் பெயரைத் திருப்பிச் சொல்லி
வைக்காமல் நிற்கிறாள்.
“முழித்திருக்கிறார்.
என்ன நிறம் என்று கேட்கிறார்.”
“ஊதா.”

நடுவில் காய்ச்சல் மூச்சு.
கம்மிய குரல் ஒன்று, தள்ளி.
“ஆல்கஹாலில் போகவில்லையா என்கிறார்.”
“போகவில்லை.”

மறுபடி மூச்சு. ஏதோ முனகல்.
நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாள்:
“அப்படியென்றால் அவன்
தொழில் தெரிந்தவன்தானாம்.”