கோரம்

நார்த் பெல்டன், மாசசூசெட்ஸ். மே மாதத்துத் திங்கள் இரவு.
உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடம்.
வளையத்தின் கீழே மேடை,
மூன்று புள்ளிக் கோட்டின் மேல் ஒலிவாங்கி.
நான் நகர அலுவலகத்தில் துணை எழுத்தர்,
இன்றைக்குக் கை எண்ணுபவள்.
நடு வரிசைகளும் இடது வரிசைகளும் என் பொறுப்பு.

உப்புக் கிடங்குக்குப் புதுக் கூரை: ஒன்றரை மணி நேரம்.
நாய்க்கு வார் எத்தனை அடி: நாற்பது நிமிடம்.
அப்புறம்தான் வந்தது பத்தொன்பதாவது தீர்மானம்.
இனி எல்லோரும் வர வேண்டாம்.
நூற்றிருபது பேரைத் தேர்ந்தெடுப்போம்,
நமக்காக அவர்கள் கை தூக்கட்டும்.

இதைச் சொல்ல எல்லோரும் கை தூக்க வேண்டும்.

"இது குடியரசு, ஜனநாயகம் அல்ல,"
என்று மார்ஷா டுவினெல் எழுந்தாள்.
"இந்தக் கூட்டம் உன் குடியரசைவிட மூத்தது,"
என்றது பின்வரிசையில் ஒரு தொண்டை.

என் பள்ளிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்
ஜனநாயகம் குடியரசுக்கு அடைமொழி.
இரண்டும் ஒரே மூச்சில் வரும், சண்டை போட்டுப் பார்த்ததில்லை.
இங்கே அவை கோர்ட்டுப் படியேறிய பங்காளிகள்.

அலுவலக இரும்புப் பெட்டியில் ஒரு குறிப்பேடு.
1787, டிசம்பர்.
புதிய அரசியல் சட்டத்துக்குத் தலையாட்டவோ மறுக்கவோ
பாஸ்டனுக்கு ஓர் ஆளை அனுப்பக் கூடியிருக்கிறார்கள்.
அன்று ஜனநாயகம் ஒரு வசவு:
நீதிமன்ற வாசலை மறித்த கடன்பட்ட குடியானவர்கள்,
கும்பல், கூச்சல், காலையில் ஒன்று மாலையில் ஒன்று.
குடியரசு மருந்து:
ஊரின் கொதிப்பைப் பொறுக்கியெடுத்த சிலர் வழியே இறக்கினால்
தெளிவாக இறங்கும்,
எத்தனை பெரிய நாட்டுக்கும் காணும்.

வடிகட்டி, என்று நினைத்துக்கொண்டேன்.
சாறு கீழே, சக்கை மேலே.
யார் சக்கை என்று குறிப்பேட்டில் இல்லை.

எபனேசர் ட்ராஸ்க், பீப்பாய் செய்பவர், சொல்லியிருக்கிறார்:
"மூன்று நாள் பயணம் போகிறவன்
என் கொட்டகையின் ஒழுகலை
இரண்டாம் நாளே மறந்துவிடுவான்."
எழுத்தர் அதை எழுதி, குறுக்கே கோடிழுத்து அடித்திருக்கிறார்.
கோட்டுக்கு அடியில் இன்னும் படிக்க முடிகிறது.
முடிவு: ஏகமனதாக.

எழுபத்தோரு பேர்.
ட்ராஸ்கின் பட்டறையில் கூலிக்கு இருந்த பையன் அதில் இல்லை.
ட்ராஸ்கின் மனைவி இல்லை.
பாதிரியார் வீட்டுக் கணக்கில் மட்டும்,
விறகுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே,
பாதிப் பெயராக வரும் டைனா இல்லை.
ட்ராஸ்க் கேட்ட ஜனநாயகமும் எழுபத்தோரு ஆண்களுடையதுதான்.
அவர்களுக்கும் ஒரு வடிகட்டி இருந்தது,
வாசலிலேயே.

பத்தே முக்காலுக்கு ஒருவர் எழுந்து கேட்டார்:
"கோரம் இருக்கிறதா?"
வாக்காளர்கள் ஒன்பதாயிரம். கோரம் நூற்றைம்பது.
தமிழில் அந்தச் சொல்லை இப்படித்தான் எழுத வருகிறது.
அகராதி அதற்கு வேறு பொருள் சொல்கிறது.

வார் முடிந்ததும் நாய்க்காரர்கள் போயிருந்தார்கள்.
பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு
மணிக்கணக்கில் கொடுப்பவர்கள் போயிருந்தார்கள்.
இரவு ஷிப்ட் செவிலியர்கள் வரவேயில்லை.
நூற்று நாற்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்,
என்னையும் சேர்த்து.

நடுவர் கதவருகே பார்த்தார்.
அங்கே துடைப்பத்தோடு எவரிஸ்டோ,
பத்தொன்பது வருஷமாக இந்தக் கூடத்துக்குச் சாவி வைத்திருப்பவர்.
நான் தலையசைத்தேன்.
அவர் வீடு ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த ஊர்.
இந்த ஊர் வாடகை அவருக்குக் கட்டாது.

கூட்டம் வியாழனுக்குத் தள்ளிப்போனது.
எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கினோம்.
"கடைசியில் என்ன ஆச்சு?" என்றார்.
"ஓர் ஆள் குறைவு."
ஆறு ஆறாக அடுக்கிக்கொண்டிருந்தவர்
கையிலிருந்ததை மறுபடி விரித்து வைத்துப் பார்த்தார்,
அதில் யாரோ விட்டுப்போன தொப்பி இருந்ததா என்று.
பிறகு மடக்கினார்.
"வியாழனும் இத்தனையும் போடணுமா?"
"போடணும்."