கும்மிடிப்பூண்டி லோக்கல்

எனக்கு இங்கர்சால் என்று பெயர் வைத்தவர்
ஹார்பரில் வின்ச் ஓட்டிய என் அப்பா.
கொருக்குப்பேட்டை வீட்டில்
காலண்டருக்கு ஓர் ஆணி, சட்டைக்கு ஓர் ஆணி.
சாமிக்கென்று அடித்ததில்லை.
இதையெல்லாம் சொன்னால்
சுபேதார் குசாயினுக்குப் புரியவில்லை.
"மதராஸி, உங்க ஊர்ல தெருவுக்கு ஒரு கோயில்.
மந்திரம் தெரியாதுன்னா எப்படி?"

பண்டிட்ஜிக்கு நெஞ்சில் நீர் கோத்து
ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பி ஒன்பது நாள்.
தகரக் கொட்டகையில்
சிவன், துர்க்கை, குருவின் படம், மரச்சிலுவை,
பச்சைத் துணியில் சுற்றிய புத்தகம்.
எல்லார் மேலும் ஒரே மண்ணெண்ணெய்க் கரி.
ரோந்துக்குப் போகிறவர்கள்
பூட்ஸைக் கழற்றாமல்
(கழற்றினால் விரல் போய்விடும்)
வாசலிலேயே நின்றார்கள்.
யாராவது எதையாவது சொல்லாமல்
நகர்வதாக இல்லை.

நான் வயர்லெஸ்காரன்.
ராத்திரியெல்லாம் எண்களை ஒப்பித்துப் பழகிய வாய்.
திறந்ததும் தானாக வந்தது:
கடற்கரை. ராயபுரம். வண்ணாரப்பேட்டை.
கொருக்குப்பேட்டை. தண்டையார்பேட்டை.
இழுத்து, கொஞ்சம் மூக்கால்,
அந்த ரயிலில் ஊதுபத்தி விற்கும்
கண் தெரியாதவரின் ராகத்தில்.
வ.உ.சி. நகரில் குரல் ஏறும்
எண்ணூரில் இறங்கும்
கும்மிடிப்பூண்டி என்று நான் மூச்சுவிட்டதும்
பதினோரு பேரும் தலை குனிந்தார்கள்.
சாயங்காலம்
பதினோரு பேரும் திரும்பி வந்தார்கள்.

அதற்கப்புறம் விடுவார்களா?

நேகிதான் விளக்கேற்றுவான். இருபத்திரண்டு வயது.
உலர்ந்த பாதாமியை எப்போதும் கன்னத்தில் ஒதுக்கியிருப்பான்.
ஒருநாள் கேட்டான்,
"விம்கோ நகர்னு ஒண்ணு வருதே, அது யாரு?"
"நெருப்பு சம்பந்தப்பட்டது" என்றேன்.
பொய் இல்லை.
பக்கத்தில்தானே தீப்பெட்டிக் கம்பெனி இருந்தது.
மறுநாளிலிருந்து
குச்சியை உரசும்போதெல்லாம் ஜெய் விம்கோ.
ஸ்டவ்வுக்கு ஜெய் விம்கோ. பீடிக்கும்.

நாற்பத்தோராம் காலை
தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது.
ஆறு குச்சி, ஏழு குச்சி.
குளிரில் என் தாடை பிடித்துக்கொண்டது.
விளக்கில்லாமலே ஆரம்பித்தேன்,
திருவொற்றியூரிலிருந்து நேராக எண்ணூருக்குத் தாவினேன்.
எவனுக்குத் தெரியப் போகிறது?
நேகி மட்டும் திரும்பிப் பார்த்தான்.
"விம்கோ?"
"நாளைக்கு" என்றேன்.
சிரித்தான். தீப்பெட்டியை பாலிதீன் உறையில் போட்டு
உடம்புச் சூட்டில் காயட்டும் என்று
அக்குளுக்குள் செருகிக்கொண்டு போனான்.

பனிப்பாளம் சரிந்தது பதினொன்றே காலுக்கு.
செய்தியை வாங்கி எழுதியது நான்தான்,
எண்களாகத்தான் வந்தது.
மூன்று நாள் தோண்டினோம்.
தீப்பெட்டி காய்ந்திருந்தது.
ஒரு குச்சியை எடுத்து உரசினேன்.
ஏன் உரசினேன் என்று இன்றுவரை தெரியாது.
பற்றிக்கொண்டது.

அப்பாவிடம் சொல்ல நான்கு வருடம் ஆனது.
ரிமோட்டால் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.
முதலில் கேட்டது,
"கத்திவாக்கத்தையும் சேத்துதானே வுட்ட?"
ஆமாம், கத்திவாக்கமும்தான். அதை நான் யோசித்ததேயில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"சரிவுக்கும் அதுக்கும் சம்மந்தம் கெடையாதுடா.
அது பனி. அதுக்கு காது இல்ல."
அப்புறம் சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல்,
"ஆனா நாளைக்குன்னு சொல்லியிருக்கக் கூடாது."

இப்போது அத்திப்பட்டில்
கன்டெய்னர் யார்டுக்குக் காவல்.
காலை ஆறு பத்து வண்டி.
விம்கோ நகரில் இறங்கிவிடுவேன்.
கும்பிடுவதில்லை, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது?
மெட்ரோ தூணுக்குக் கீழே ஒரு நாய் தூங்கும்.
என் வண்டி என்னை விட்டுவிட்டுப் போகும்.
அடுத்தது வரும்வரை நிற்பேன்.
சில நாள் இருபது நிமிஷம், சில நாள் நாற்பது.

யார்டு ரிஜிஸ்டரில்
தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
கேட் போட்டுட்டாங்க என்று எழுதுகிறேன்.
சூப்பர்வைசர் ஷர்புதீன் ஒருநாள் கேட்டார்,
"ரயில்ல வர்ற ஆளுக்கு
ஏதுப்பா கேட்டு?"