ஐந்து சென்ரிமீற்றர்

ரப்பர்ப் பிள்ளைக்கு நாங்கள் வைத்த பெயர் தவக்குமார்.
எத்தனை தரம் செத்தாலும்
அடுத்த குழுவுக்கு உயிரோடு கிடப்பான்.
நெஞ்சிலே ஒரு கிழிசல், பிளாஸ்டர் ஒட்டியிருக்கு.

கழுத்தை நிமிர்த்து,
பூ மணந்து பார்க்கிற அளவுக்கு மட்டும்.
மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடட்டும்,
கண்ணில் ஏறக்கூடாது.
அமத்து, விடு, விடு.
அமத்து, விடு, விடு.
யதுர்சிகா எண்ணிக்கையைப் பிழைக்கவிட்டுச் சிரித்தாள்.
புஷ்பகாந்தி மிஸ் சிரிக்கவில்லை.
"நெஞ்சு எழும்பினதோ? அதைச் சொல்லுங்கோ."

மூச்சு விடு என்றுதான் தமிழில் சொல்கிறோம்.
எடுக்காத ஒன்றை எப்படி விடுவது
என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை,
முப்பது கிழமையில் பிறந்தவர்களைத் தவிர.

பங்குனி. பெரியாஸ்பத்திரியில் இரவுக் கடமை.
நெடுந்தீவிலிருந்து படகேறின தாய்க்கு
குறிகட்டுவானில் பன்னீர்க்குடம் உடைந்ததாம்.
பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை.
அட்டையில்: கஜவதனியின் பெண் குழந்தை, 1120 கிராம்.
கழற்றி வைத்த என் கைக்கடிகாரத்தின் வார்
அவள் தொடையைவிட அகலம்.

மூக்கில் இரண்டு குழாய்முனை.
மற்ற முனை போத்தல் தண்ணீருக்குள்,
ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில்,
கொதிக்கிற கூழ்ப்பானை மாதிரி
குமிழி, குமிழி, குமிழி.
அந்தச் சத்தம் கேட்கும்வரை
நுரையீரல் ஒட்டிப்போகாது என்று படித்திருந்தேன்.

இரண்டேகால்.
கூழ் கொதிப்பது நின்றது.

அலாரம் ஒன்றும் அடிக்கவில்லை.
தொண்ணூற்றொன்று என்றது திரை, அவசரமில்லாமல்.
கை பைக்குத்தான் ஓடியது,
அமத்து, விடு,
பிறகுதான் கண்டேன்
தவக்குமார் ஒருநாளும் செய்யாத ஒன்றை:
கொட்டாவி விட்டவள்
வாயை மூட மறந்துபோனாள்.
காற்றெல்லாம் அந்த வழியால் போய்க்கொண்டிருந்தது.

ஒரு விரல். நாடிக்குக் கீழே.
அமத்தவில்லை, வைத்தேன்.
ஒரு குமிழி.
பிறகு பானை முழுக்க.

விடிய, பயிற்சிப் புத்தகத்தில்
"செய்த சிகிச்சை" என்ற கட்டத்துக்குள்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
நாடி என்று தொடங்கி நிறுத்தியிருந்தேன்.
"நாடி பார்த்தனீரோ?" மிஸ் கேட்டார்.
"இல்லை மிஸ், தாங்கினனான்."
"எவ்வளவு நேரம்?"
"நாற்பது நிமிஷம்."
சிவப்புப் பேனையால்
நாற்பது என்பதை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

சுட்டுவிரல் மரத்துப்போய்க் கிடந்தது.
காரைநகர் பஸ்ஸில்
ரிக்கற் காசை மற்றக் கையால் நீட்டினேன்.