மூன்று பட்டை

எல்லார் வீட்டுப் பிரண்டைக்கும் நாலு பட்டை.
எனக்குக் கிடைத்தது மூன்று.
திருத்தணி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்
இரண்டு கணு ஒடித்துக் கொடுத்தார்,
ஈரத்துணியில் சுற்றாதே என்று.

வெட்டுவாய் காய மூன்று நாள்
மீட்டர் பெட்டிமேல் கிடந்தது.
பிறகு மணல், ஓட்டை வாளி,
பொறுக்காமல் தினமும் தண்ணீர்.
ஒன்று அழுகிக் கூழாயிற்று.
மற்றதை எரிச்சலில்
மதிலுக்கு அப்பால் வீசினேன்.

ஆடிக் காற்றில் பார்க்கிறேன்,
பக்கத்துத் தறிக்கொட்டகைத் தகரத்தில்
கணுவுக்கொரு சுருள்கை நீட்டி
ஏறிக்கொண்டிருக்கிறது.

"நல்லேரு" என்றாள் முனெம்மா.
"யாரும் நடலை, தானா வந்துச்சு.
தண்ணிகூட ஊத்தறதில்லை."

நான் வாய் திறக்கவில்லை.
துவையலுக்கு நாலு கணு கேட்டேன்;
எட்டாகவே முறித்துத் தந்தாள்.

நல்லெண்ணெய் தடவித்தான் நார் உரித்தேன்.
புளித்தண்ணீரில் கழுவியும்
நகரி கடைசி ரயில் போகும்வரை
கை அரித்தது.