இறங்குதுறை

ஏழு வருடத்தில் அறுபத்திரண்டு கிரெடிட்.
அதில் வெல்டிங் நான்கைப் பல்கலைக்கழகம் வாங்காதாம்.
ஆலோசகர் ஓல்வேரா எனக்குத் தந்தது ஒன்பது நிமிடம்;
மூன்று நிமிடத்தைப் பிரிண்டர் தின்றது.
"இங்கே எதையும் தொட்டுப் பார்க்கலாம், சன்னரி.
அங்கே மாறிப் போகிறவர்கள்
துறையைச் சொல்லிவிட்டுத்தான் படியேற வேண்டும்.
'இன்னும் முடிவாகவில்லை' என்கிற கட்டம்
பதினெட்டு வயதுக்காரர்களுக்கு."
எனக்கு இருபத்தொன்பது.

கணக்குப்பதிவியல் என்றால் எல்லாம் பொருந்தும், இரண்டே வருடம்.
சிவில் என்றால் கால்குலஸ் இரண்டு குறைகிறது,
இயற்பியல் ஒன்று.
அக்கா டோனட் மாவு ஒட்டிய கையோடு சொன்னாள்:
"கணக்கை எடு, கடைக்கும் ஆகும்."
அம்மா அதைவிடச் சுருக்கம்:
"ராத்திரி வேலை இல்லாததா எடு."

நவம்பர் முப்பது.
நள்ளிரவோடு கதவடைப்பு.
பத்தரைக்கு அழைப்பு வந்தது: ஸ்டாக்டனுக்கு மேற்கே
கரைச்சாலையில் ஒரு கார்,
பழைய படகுத்துறைச் சரிவில் மூக்கை நீரில் வைத்துக் கிடக்கிறது.
பனிமூட்டம். என் விளக்கு
என் பம்பரைத் தாண்டிப் போக மறுத்தது.
பத்து மைலுக்கு நாற்பது நிமிடம்.

டெல்ஃபின் அபாத் கரையில் உட்கார்ந்திருந்தான்,
மடியில் தேவாலயத்துக் கீபோர்டு.
காரைவிட அதைத்தான் முதலில் காப்பாற்றியிருக்கிறான்.

வண்டியை இழுக்குமுன் நிற்கிற மண்ணைப் பார்,
இந்தத் தொழிலின் முதல் பாடம் அது.
பார்த்தேன்.
ஆற்றின் பக்கம் ஈரம், அது நியாயம்.
மறுபக்கம், கடல்மட்டத்துக்குப் பதினைந்தடி கீழே
சோளத்தாள் கிடக்கும் தீவு.
அந்த அடிவாரத்தில் ஏன் ஈரம்?
விளக்கைத் தாழ்த்தினேன்.
கையகல மணல் கொப்புளம் ஒன்று
மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய் மாலை வேறு வகுப்பு கிடைக்காமல் எடுத்த நிலவியல்,
சி பிளஸ்.
அதில் ஒரே ஒரு வரி தங்கியிருக்கிறது:
தெளிவாகக் கசிந்தால் காவல் இரு,
கலங்கிக் கசிந்தால் ஓடு.
குனிந்து அள்ளினேன்.
உள்ளங்கையில் வண்டல்.
கரை உள்ளே கரைந்துகொண்டிருந்தது.

கரைக் காவல் எண்ணில் பதிவுக்குரல்:
அலுவலகம் காலை எட்டு மணிக்கு.
ஷெரீஃப் எண்ணில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது.
இடம் சொன்னேன், அகலம் சொன்னேன், நிறம் சொன்னேன்.
"நீங்கள் எஞ்சினியரா?" என்றது அது.
"இழுவை வண்டி" என்றேன்.
எழுதிக்கொள்ளும் சத்தம் கொஞ்சம் மெதுவானது.
மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

வின்ச்சை எட்டத்துத் தார்ச்சாலைக்கு மாற்றி
காரை எடுக்கையில் பதினொன்று ஐம்பத்தொன்று.
போனில் அந்தக் கட்டம் காலியாகக் காத்திருந்தது.
பட்டியலின் தலையிலேயே கணக்குப்பதிவியல்,
விரலை நகர்த்தவே வேண்டாம்.
நகர்த்தினேன். நனைந்த விரல் வழுக்கி
சீனமொழியைத் தேர்ந்தது.
சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம்.
உள்சட்டையில் துடைத்தேன்.
டெல்ஃபின், எதற்கென்று தெரியாமலே,
டார்ச்சை என் பக்கம் பிடித்தான்.

"எவ்வளவு ஆகும்?" என்றான்.
திரையிலிருந்து தலையெடுக்காமல்
"மூணு வருஷம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தான்.
மின்சாரமில்லாமல் அது
டக் என்றது, அவ்வளவுதான்.
தூரத்தில் சிவப்பும் நீலமுமாய் ஒரு விளக்கு
பனியில் வழி தேடிக்கொண்டிருந்தது.