சனிக்கிழமைக்கான ஒத்திகை

நாற்பத்தொரு வயதில்
ஒரு முட்டையை ஒழுங்காக வேகவைத்தேன்.
செவ்வாய் இரவு, பதினொன்றே கால்.
ஜன்னலுக்கு வெளியே ப்ளோவ்திவ் நகரம்
ஈரப்பனியில் ஊறிக்கொண்டிருந்தது.
அதற்கு முந்தைய ஏழு முட்டைகளைப் பற்றி
இப்போது பேச்சில்லை.

நீதிமன்றத் தாளில் இருந்தது இவ்வளவுதான்:
சனி காலை பத்து முதல்
ஞாயிறு மாலை ஆறு வரை.
அதற்குள் எத்தனை வேளைச் சாப்பாடு என்று
நீதிபதி எழுதவில்லை.
விரல்விட்டு எண்ணினேன். நான்கு.
கலினாவின் இடைப்பசியையும் சேர்த்தால் ஆறு.

முதல் வாரம் பீட்சா.
இரண்டாம் வாரமும்.
மூன்றாம் வாரம் அட்டைப்பெட்டியைத் திறக்காமலே
"அம்மா வீட்டில் இன்னிக்கு பீன்ஸ் சூப்" என்றாள்.
குற்றம் சொல்லவில்லை,
வானிலை வாசிப்பதுபோலச் சொன்னாள்.
அதுதான் இன்னும் வலித்தது.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
த்ராக்கியா குடியிருப்பில்
எந்தப் பெட்டி எந்த மாடியில் முனகும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
கதவு சாத்தும் ஓசையை வைத்தே
தேய்ந்த உருளையைக் கண்டுபிடிப்பேன்.
அப்படிப்பட்டவனை
ஒரு வெங்காயம் மண்ணைக் கவ்வ வைத்தது.

புதன் இரவு.
வட்டமாக, கோணலாக,
கட்டைவிரலையும் சேர்த்து நறுக்கினேன்.
கத்தி மழுங்கல் என்பது
ரத்தம் நின்ற பிறகுதான் உறைத்தது.
கூரான கத்தி சொன்ன இடத்தில் இறங்கும்.
மழுங்கியதுதான் வழுக்கிப் போய் விரலைத் தேடும்.
என் ஸ்க்ரூடிரைவர் எதையும்
நான் இப்படிச் சீரழிய விட்டதில்லை.

பிறகு எண்ணெயில் போட்டேன்,
தீயை முழுதாகத் திருப்பி வைத்து.
பெரிய தீ என்றால் சீக்கிரம் வேகும்,
வேறென்ன?
புகை கூடத்தைத் தாண்டியபோது
கீழ்வீட்டு ஸ்ப்பாஸ் கதவைத் தட்டினான்,
தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு.
சட்டியை எட்டிப் பார்த்தான்.
"முதல்ல அதை அணைங்க" என்றான்.
குழந்தை விழிக்காதபடி
மெல்ல இறங்கிப் போனான்.

வியாழன், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.
சின்னத் தீ. வெங்காயம் விழுந்தது.
முதலில் தகரக்கூரை மேல் மழை.
நீர் வற்ற வற்ற அந்த ஓசை மெலிந்தது,
சுருதி கொஞ்சம் ஏறியது,
தளம் நெருங்கும்போது
வேகத்தைக் குறைக்கும் பெட்டிபோல.
கண் திறந்தேன்.
பொன்னிறம்.
காதுக்கும் பதம் தெரியும் என்று
இத்தனை வருடத்தில் நான் அறியவில்லை.

உப்பு மட்டும் பிடிபடவில்லை.
ஒரு கிள்ளு, நாக்கில் ஒரு சொட்டு,
பிறகு வேண்டுமானால் இன்னொரு கிள்ளு.
போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.
மிலேனாவிடம் நான் சொன்ன சில வார்த்தைகளும்
அந்த ஜாதிதான்.

சனி.
குடைமிளகாய், தக்காளி, வெள்ளைப் பாலாடைக்கட்டி,
மேலே முட்டை: மிஷ்-மஷ்.
நாள்தோறும் செய்பவன்போல
சீழ்க்கையடித்தபடி கிளறினேன்.
பாலாடைக்கட்டியே உப்பு என்பதை
மறந்து போனேன்.

கலினா முழுத் தட்டையும் காலி செய்தாள்.
இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.
"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"
"சின்ன வயசிலேயே" என்றேன்.
அவள் பார்வை
என் கட்டைவிரல் பிளாஸ்திரியில் நின்று,
குப்பைத்தொட்டி நிறைய இருந்த
முட்டை ஓடுகளுக்குப் போய்,
திரும்பி வந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை முட்டை உடைத்தபோது
கிண்ணத்தில் ஓட்டுத் துண்டு விழுந்தது.
விரலால் துரத்தினேன். நழுவியது.
மறுபடி துரத்தினேன்.
நாற்காலியில் ஏறி நின்று
என் கையைத் தள்ளிவிட்டாள்:
"ஓட்டை ஓட்டால்தான் எடுக்கணும்."
பாதி ஓட்டால் ஒரே அள்ளு.
ஏழு வயது.
எனக்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு லிஃப்ட்
அவளோடு கீழே போயிற்று.
கதவில் காதை வைத்துக் கேட்டேன்.
மூன்றாம் மாடியில் ஒரு முனகல்.
நாளைக்கு அங்கே எண்ணெய் விடவேண்டும்.
வீட்டிலும் எண்ணெய் தீர்ந்துவிட்டது.
அடுத்த வாரம் பீன்ஸ்.
முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டுமாம்.
எத்தனை மணி நேரம் என்று
ஸ்ப்பாஸுக்குத் தெரிந்திருக்குமோ?