நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

பகலில் நான் பல் கட்டுபவன்.
வட கரோலினாவில், ஜாக்சன்வில்லில்,
ஊரில் பாதி மரைன்கள், மீதி
மரைன்களிடம் எதையாவது விற்பவர்கள்.
அவர்கள் கடித்து உடைப்பதை
நான் பீங்கானில் திரும்பச் செய்கிறேன்.

இரவில் அதே துளைக்கருவி, அதே பூதக்கண்ணாடி.
இரட்டைச் சுழலி ஹெலிகாப்டர் ஒன்று
சமையல் மேசைமேல்
ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாய்ப் படுத்திருக்கும்.
உப்புக்கும் மிளகுத்தூளுக்கும் இடையில்
அதன் வால்.

ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம்.
பழைய சாமான் கடையில் ஒன்றரை டாலர்.
பாலைவனம். ஊர்ப்பெயர் இல்லை.
முதுகில் பென்சில் எழுத்து:
கார்ப்பரல் ஓ. பிராக்கெட், மாலை, தொண்ணூற்றொன்று.

படத்தில் இருந்ததையெல்லாம் செய்தேன்.
ரிவெட்டுகளை எண்ணினேன், தொலைத்தேன், மறுபடி எண்ணினேன்.
இயந்திரத்தின் அடியில் வழியும் எண்ணெய்க்கு
காபி டிகாஷனும் கறுப்பு மையும்.
சக்கரத்தில் அப்பிய மண்ணுக்கு
பல் மெருகேற்றும் பொடி.

பிறகு அந்தக் கீறல்.
வாலில் தொடங்கி மூன்றாம் ஜன்னலில் முடியும்
வெள்ளைக் கோடு, மயிரிழை.
எது கீறியது? குண்டா? முள்கம்பியா?
இறங்கும்போது உரசிய பாறையா?
கொஞ்சம் வானத்திலும் அது தெரிந்தது.
ஏதோ கம்பி என்று வைத்துக்கொண்டேன்.

நாலு வாரம்.
அடியில் வெள்ளி, மேலே பச்சை,
பச்சையை ஊசியால் கீறி வெள்ளியை வெளியே கொண்டுவர
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரே ஓர் இழுப்பு.

"என் ஆபரேஷன் தழும்பு எந்தப் பக்கம், சொல்லு பாப்போம்"
என்றாள் ரோவீனா, பாத்திரம் துடைத்தபடி.
இடது என்றேன்.
வலது.

மார்ச்சில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் போட்டி.
நடுவர் சின்ன டார்ச்சோடு குனிந்தார்,
கீறலில் வெளிச்சம் நின்றது,
"இது அனுபவிச்சவன் கை" என்றார்.
நான் ராணுவத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.
தலையாட்டினேன்.

அவர் நகர்ந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மஞ்சள் மேலங்கி,
கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி.
மாடலைப் பார்த்தாள். பக்கத்தில் நான் வைத்திருந்த
புகைப்படத்தைப் பார்த்தாள்.
"இது நான் எடுத்தது."

ஒடெசா பிராக்கெட்.
கீறலைத் தொடாமல் விரலால் அதன்மேல் போனாள்.
பிறகு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"ஐயோ. இது ஹெலிகாப்டர்ல இல்லப்பா.
என் கேமராவுக்குள்ள ஒரு மணல்.
ஃபிலிம் சுத்தும்போது கிழிச்சுக்கிட்டே வந்திருக்கு.
அந்த ரோல் முழுக்க இதே கோடு.
கூடாரத்து மேல. கர்னலோட நெத்தியில.
டிலான்சி மூஞ்சியில—"

அங்கே நிறுத்தினாள்.
யார் டிலான்சி என்று நான் கேட்கவில்லை.
பக்கத்து மேசையில் யாரோ ஒரு போர்விமானத்தின்
சக்கரம் கழன்றதற்குக் கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

"அழிச்சிடவா?"
"எதுக்கு? நாலு வாரம் ஆச்சுங்கற."
பிறகு மாடலின் பின்பக்கம், இறங்குபலகையருகே
வெறும் இடத்தைக் காட்டினாள்.
"இங்க ஒருத்தன் தூங்கிட்டிருந்தான்.
ஃபிரேம்ல வேண்டாம்னு நான்தான் ஒதுக்கினேன்.
பூட்ஸைக் கழட்டி தலைக்கு வெச்சிருந்தான்."

நடுவரிடம் நாங்கள் இருவரும் எதுவும் சொல்லவில்லை.
இரண்டாம் பரிசு. நீல ரிப்பன் அல்ல, சிவப்பு.
ரிப்பனை ஒடெசாவின் பேருந்துச் சாவியில் கட்டினேன்,
வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது மணி ஒன்றரை.
பல் அச்செடுக்கும் மெழுகில் ஒரு மரைன்
முழங்கால் மடக்கி ஒருக்களித்திருக்கிறான்.
முகம் செய்யவில்லை, தொப்பி மூடியிருக்கிறது.
பூட்ஸ் இரண்டும் இரண்டு அரிசி.
ஒன்று சிமிட்டாவிலிருந்து தெறித்துவிட்டது.

நாலு காலில் தவழ்ந்து
குளிர்பெட்டிக்கு அடியில் டார்ச் அடிக்கிறேன்.
ஒரு பட்டாணி, ஒரு பொத்தான், கொஞ்சம் தூசி.
உள்ளிருந்து ரோவீனாவின் தூக்கக் குரல்:
"என்னத்தடா தேடுற?"

"ஒருத்தனோட பூட்ஸ்" என்கிறேன்.